கிருமிக்கும் உண்டு கொழுப்பு

முதலில் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்குவார் குமாரதாஸ். தண்ணீர் அதற்குப் பிறகுதான். பட்டறை வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி, பாதி முகம் மட்டும் தெரிகிற நிலையில் கிடக்கும் அம்மன் மீதோ நந்தி மீதோ ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்ப்பார். புகையாக எழும்பி நின்ற கல்தூசி அடங்கிச் சேறாக ஒழுகும். கிரைண்டர் பிடித்திருந்தவன் கண் இரண்டும் தவிர உடம்பெல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அதைவிடக் கெட்ட வார்த்தை ஒன்று குமாரதாஸிடம் தயாராக இருக்கும்.

"சாவுகதுண்ணா சாவு. ஆனா நனைச்சுப்போட்டுச் சாவுலே. பக்கத்துல நிக்கவனாவது பொழைக்கட்டு."

மயிலாடியில் சாலையின் இரண்டு பக்கமும் சிற்பப் பட்டறைகள். குமாரதாஸை உள்ளே விடக்கூடாது என்று பல முதலாளிகள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வந்தால் யாரும் கையைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. தள்ளினால் விழுந்துவிடுவார் என்ற பயம் ஒன்று. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதைத் தொடும் வயது. சட்டை போட்டால் தோள்பட்டை எலும்பு இரண்டும் துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மடித்துக்கட்டிய சாரம், தோளில் துவர்த்து. தெருவில் நடக்கும்போது கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, எதிரே அகப்பட்டவர்களை ஏசுவார். சாக்கடையில் குப்பை போட்ட கடைக்காரர், ஹெல்மெட் இல்லாமல் போகிற பையன், ஸ்டாப்பில் நிற்காமல் போன பஸ். எல்லோருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும். ஏசுவதற்காகத்தான் மனிதர் நிற்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் கூடவே நடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மூச்சு முட்டி நிற்கிறார். சும்மா நின்றால் யாராவது "என்ன அண்ணாச்சி, எளைக்குதா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி வருவதற்குள் ஏச ஆரம்பித்துவிடுகிறார்.

இடது காது கேட்காது. பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பி, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அவமதிப்பாகத் தோன்றும். சில சமயம் அது அவமதிப்பாகவும் இருக்கும்.

அய்யாவழிக் குடும்பம். ஞாயிறு காலை தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட நிழல்தாங்கலுக்குப் போவார். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். சிலை வைத்துக் கும்பிடாத வீட்டில் பிறந்தவர் கேரளம், இலங்கை, மலேசியா என்று கோயில் கோயிலாகச் சிலை கொத்தி அனுப்பியிருக்கிறார். இதைப் பற்றிக் கேட்டால், "கும்பிடுகது அவனுவ பாடு. மூக்கு நேரா இருக்காண்ணு பாக்குகது எனக்க பாடு" என்பார். இப்போது சிலை வேலை இல்லை. உளி பிடித்து எழுத்து மட்டும் வெட்டுகிறார். கல்லறைக் கல், அடிக்கல், திறப்புவிழாக் கல். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை. கல்லின்மேல் ஈரச்சாக்கு போட்டு, எழுத்து வெட்டுகிற இடத்தை மட்டும் திறந்துவைத்திருப்பார்.

நான் அவரிடம் போனது என் மாமனாரின் கல்லறைக் கல்லுக்காக. பெயரைக் கேட்கவில்லை, தேதியைக் கேட்கவில்லை. "எதுல செத்தாரு?" என்று கேட்டார்.

நெஞ்சில் சளி என்றேன்.

"கபம் எடுத்துப் பாத்தாவளா?"

பார்த்திருப்பார்கள் என்றேன்.

"பாத்திருப்பாவ! உமக்க மாமன் செத்திருக்காரு. பாத்தாவளா இல்லியாண்ணு உமக்குத் தெரியாது. கல்லுல எழுத்துப்பிழை வந்தா மட்டும் சண்டைக்கு வருவியல்லா சாரே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அன்று மாலைவரை அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகும் பலமுறை போனேன். அவருடைய கதையை அப்படித்தான் கேட்டேன். ஆராய்ச்சிக்காக அவர்களிடம் ரத்தம் எடுக்க வந்த அருமனைக்கார ஆன்றோவையும் பின்னால் தேடிப்போய்ப் பார்த்தேன். இருவர் சொன்னதும் ஒன்றுதான். அறை விழுந்தது எந்தக் கன்னத்தில் என்பதில் மட்டும் வேறுபட்டார்கள்.

குமாரதாஸும் அவருடைய அண்ணன் தாணுலிங்கமும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். யோவான் முதலாளியின் பட்டறை. கரண்டில் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு, ஒரு வாரம் உளியால் தட்டிச் செய்ததை ஒரு பகலில் முடிக்க முடிந்தது. தூசியும் அதே வேகத்தில் வந்தது. மூக்கில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். துவர்த்து கல்தூசியை எங்கே தடுக்கப்போகிறது?

2004-இல் குமாரதாஸுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். டிபி என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. இருந்தாலும் படம் சொல்கிறதே என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுதாகத் தின்று முடித்தார். இருமல் நிற்கவில்லை. மறுபடியும் படம், மறுபடியும் அதே புள்ளிகள். இந்த முறை மாத்திரையோடு ஊசியும் போட்டார்கள். ஊசி முடிவதற்குள் இடது காதில் சீவிடுப் பூச்சி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இன்றுவரை நிற்கவில்லை. அதைத் தவிர அந்தக் காதில் வேறெதுவும் கேட்பதில்லை.

கடைசியில் யாரோ சொல்லித் திருவனந்தபுரத்துக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "என்ன ஜோலி?" என்று கேட்டாராம். கல்வேலை என்று சொன்னதும் படத்தை விளக்கில் மாட்டி, இது கிருமி இல்லை, கல்தூசி, நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"என்ன ஜோலிண்ணு ஒரு கேள்வி. இங்க ஒருத்தனுக்கு அதைக் கேக்க வாய் வரல்ல. இல்லாத சீக்குக்கு ஊசியப் போட்டுக் காதைப் பொட்டையாக்கி விட்டானுவ."

திரும்பி வந்தவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வராந்தாவில் நின்று ஏசியிருக்கிறார். டாக்டர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட்டதோடு நில்லாமல் பாடமும் படித்துக்கொண்டார்கள். அந்தப் பாடம்தான் அண்ணனுக்கு வினையாக வந்தது.

சில வருஷம் கழித்துத் தாணுலிங்கம் இருமத் தொடங்கினார். சாயங்காலமானால் காய்ச்சல். கறிமீன் குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்க்குமேல் இறங்காது. அதே ஆஸ்பத்திரி. சளியில் கிருமி தெரியவில்லை. படத்தில் அதே வெள்ளைப் புள்ளிகள். இந்த முறை டாக்டர் மறக்காமல் கேட்டார். மயிலாடியா? கல்வேலையா? அப்படியானால் தூசிதான். இருமல் மருந்தும், வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தும் எழுதிக்கொடுத்தார். காய்ச்சல் ஏன் வருகிறது என்று தாணுலிங்கத்தின் மனைவி தாணம்மாள் கேட்டதற்கு, வேலைக் களைப்பு என்றார்.

"எனக்கு டிபி இல்ல, குடுத்தானுவ. அண்ணனுக்கு டிபி, குடுக்கல்ல. எனக்குத் தப்பாப் போச்சேண்ணு பயந்துதான் அண்ணனுக்குக் குடுக்கல்ல. நான் அண்ணைக்குப் போயிக் கெடந்து ஏசாம இருந்திருந்தா, அவனுக்கு ரெண்டு மாத்திரையாவது கெடைச்சிருக்கும். என்ன எளவு இது சாரே?"

கல்தூசி பிடித்த நெஞ்சில்தான் காசநோய் எளிதாக ஏறும். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. அலுப்பில் விட்டுவிட்டார்கள். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2009-இல், ஆன்றோ வந்தார். வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன். சொந்த ஊர் அருமனை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். நீலநிற ஐஸ் பெட்டியோடு பட்டறைக்கு வந்து, கல்வேலைக்காரர்களைச் சுற்றி உட்காரவைத்து விளக்கினார். காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பு மனித உடம்பில் கிடையாது. ஒருவருடைய ரத்தத்திலோ மூத்திரத்திலோ அது தென்பட்டால், சளியில் கிருமி தெரியாவிட்டாலும் உள்ளே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். மருந்து வேலை செய்தால் அந்தக் கொழுப்பு குறைந்துகொண்டே வரும், செய்யாவிட்டால் குறையாது. தூசிக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாத எக்ஸ்ரேக்குப் பதிலாக இப்படி ஒரு டெஸ்ட் வந்தால் உங்களுக்குத்தான் முதல் லாபம்.

"கிருமிக்குமா கொழுப்பு?" என்று சிரித்தாராம் தாணுலிங்கம். சிரித்ததில் இருமல் வந்து கொஞ்சநேரம் குனிந்து கிடந்தார். நிமிர்ந்ததும் முதல் ஆளாகக் கையை நீட்டினார். தயங்கி நின்றவர்களையும் அவர்தான் அழைத்தார். "எல்லாரும் குடுங்கடே. நம்ம அருமனைப் பயலாக்கும். படிச்ச புள்ள." குமாரதாஸ் கொடுத்தார். யோவான் முதலாளிகூடக் கொடுத்தார்.

"ரிசல்ட்டு எப்பம் வரும் மக்கா?" என்று தாணுலிங்கம் கேட்டார்.

"வரும் அண்ணாச்சி."

சில மாதம் கழித்து ஆன்றோ மறுபடி வந்தார். மறுபடியும் ரத்தம், மூத்திரம். இந்த முறை தாணுலிங்கம் பட்டறையில் இல்லை. சுத்தியல் தூக்க முடியாமல் வீட்டில் இருந்தார். ஆன்றோ வீட்டுக்கே போனார். தாணம்மாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"வந்துதா மக்கா?"

"வரும் அண்ணாச்சி."

இந்த 'வரும்' என்ற சொல்லைக் குமாரதாஸ் சொல்லிக்காட்டும்போது ஆன்றோவின் குரலே வரும். மெல்லிய, மரியாதையான, அருமனை ராகத்தில் இழுக்கிற குரல். சொல்லிவிட்டுத் துப்புவார்.

அடுத்த மழைக்காலத்தில் தாணுலிங்கம் இருமி இருமி ரத்தமாகக் கக்கினார். அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அப்போது எடுத்த சளியில் கிருமி குவியலாக இருந்தது. டாக்டர் தாணம்மாளிடம், "ஏம்மா, இவ்வளவு நாளா எங்கே போனீங்க?" என்று கேட்டிருக்கிறார். முதல் மாத்திரை அட்டை தீர்வதற்கு முன்னால் தாணுலிங்கம் இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனவர்களையெல்லாம் குமாரதாஸ் ஏசினார் என்று தாணம்மாள் சொன்னாள். "அவரு செத்ததுக்கு ஒரு மூலையில இருந்து அழக்கூட விடல்ல, கேட்டேளா. இவரு வெப்ராளத்துல நிண்ணு சத்தம்போட, வந்தவங்க எல்லாரும் இவரையில்லா சமாதானம் பண்ணினாவ. எனக்க பக்கத்துல ஒருத்தரும் வரல்ல."

மறுவருஷம் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆராய்ச்சி முடிவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்களாம். அதிகாரிகள், டாக்டர்கள், பின்வரிசையில் ரத்தம் கொடுத்தவர்களில் சிலர். ஆன்றோதான் போன் போட்டு அழைத்திருந்தார். ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மா மேடையில் நின்று திரையில் ஒரு படம் காட்டினார். கீழே பச்சைப் புள்ளிகள் மந்தையாக. மேலே தனியாகச் சில சிவப்புப் புள்ளிகள். பச்சை, கொழுப்பு தென்படாதவர்கள். சிவப்பு, தென்பட்டவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் குச்சியால் தொட்டு, "இவர் ஒரு கல்வேலைக்காரர். சளி, எக்ஸ்ரே எதிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் கழித்துத்தான் நோய் உறுதியானது. ஆனால் நாங்கள் முதலில் எடுத்த ரத்தத்திலேயே இந்தக் கொழுப்பு இருந்திருக்கிறது" என்றார். முன்வரிசையில் கைதட்டினார்கள்.

குமாரதாஸ் எழுந்து நின்றார்.

"அந்தச் செவப்புப் புள்ளிக்குப் பேரென்ன?"

கேள்வி நேரம் பிறகு என்றார் ஒருவர். டாக்டரம்மா அவரைக் கையமர்த்திவிட்டுத் தன்மையாகப் பதில் சொன்னார். "ஐயா, எங்ககிட்ட நம்பர்தான் இருக்கும். பேரு வெளியே சொல்லக்கூடாது. உங்க ரகசியத்தைக் காப்பாத்தத்தான் அந்த ஏற்பாடு."

"எங்க ரகசியமா? எங்களுக்கே தெரியாதது எப்படியம்மா எங்க ரகசியமாவும்?"

கேட்டுக்கொண்டே குமாரதாஸ் பின்வரிசையிலிருந்து முன்னால் நடந்து வந்தார் என்று ஆன்றோ சொன்னார்.

"எங்க அண்ணன் தாணுலிங்கம். யோவான் முதலாளி பட்டறை. அந்தப் புள்ளி அவன்தானா? ரெண்டு தடவை குத்தி எடுத்தியளே, ரெண்டாவது எடுக்கும்போ மொதல்ல எடுத்தது எங்க கெடந்துது?"

"ஃப்ரீசர்ல. எல்லாத்தையும் சேர்த்துவச்சு மொத்தமாத்தான் மிஷின்ல ஓட்டுவோம். போன வருஷக் கடைசியிலதான் ஓட்டினோம்."

"எங்க அண்ணனைக் குழியில வச்சாச்சு. அவனுக்க ரத்தம் மட்டும் உங்க ஐஸ் பெட்டியில சொகமா இருந்திருக்கு."

டாக்டரம்மா நல்லவர்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இது இன்னும் சோதனையில் இருக்கிற முறை, சரியா தப்பா என்று எங்களுக்கே உறுதியாகாதபோது ஒருவரிடம் போய் உங்களுக்கு டிபி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது, தவறாக மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார்.

குமாரதாஸ் இடது காதைப் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டினார். "என்ன ஆவும்ணு என்கிட்டயா கேக்கிய?"

பிறகு சொன்னார்: "நான் மருந்து குடுக்கவா சொன்னேன்? 'ஏலே, உனக்க ரத்தத்துல என்னமோ கெடக்கு, இன்னொருக்கா நல்லாப் பாத்துக்கிடு'ண்ணு ஒரு வார்த்தை. அந்த வார்த்தையையும் ஐஸ்ல வச்சிட்டியளா? கிருமிக்குக் கொழுப்பு இருக்காண்ணு கண்டுபிடிக்க வந்திய. யாருக்குக் கொழுப்புண்ணு நான் கண்டுபிடிச்சாச்சு."

இருவர் வந்து அவரை வெளியே அழைத்துப் போனார்கள்.

வாசலில் ஆன்றோ நின்றிருந்தார். சொல்லக்கூடாதுதான். சொன்னார். "அண்ணாச்சி, அது அவருதான். ரெண்டு தடவையும். ரெண்டாவதுல கூடுதல்."

குமாரதாஸ் ஆன்றோவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த வேகத்தில் அவருக்கே மூச்சு போய்விட்டது. படியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். அடி வாங்கியவரே ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தார். பிறகு குமாரதாஸ் கேட்டார்.

"மத்த செவப்பு?"

"எது அண்ணாச்சி?"

"மேல இன்னும் கொஞ்சம் செவப்பு நிண்ணுதே. அவனுவ உயிரோட இருக்கானுவளா?"

ஆன்றோ அப்போதுதான் அதை நினைத்தாராம். என்னிடம் சொல்லும்போதும் தலை நிமிரவில்லை. "புள்ளியாட்டேதான் பாத்துட்டு இருந்தேன். அதுல ஆளு இருக்குண்ணு ஓர்மை வரல்ல."

பெயர்களைக் கேட்டார் குமாரதாஸ். அதை மட்டும் ஆன்றோ சொல்லவில்லை. ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுதவேண்டும், அனுமதி வரவேண்டும், சில மாதங்கள் ஆகலாம். இன்னொரு 'வரும்'.

"சரி. பேரு வேண்டாம். ஒருத்தனுக்க பேரும் எனக்கு வேண்டாம்" என்று எழுந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை டிரைவர் மரியஜானின் மினிலாரி மயிலாடித் தெருவில் நின்றது. கல் ஏற்றுகிற லாரி. தரையில் கல்லுக்கு அடியில் பரப்பிய வைக்கோல் அப்படியே கிடந்தது. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் குமாரதாஸ் நின்று கூப்பிட்டார். வராதவனை அவன் பெண்டாட்டி முன்னால் வைத்து ஏசினார். "இவன் செத்தா நீ என்னைத்தான் கேப்ப. இப்பமே ஏத்திவிடு தாயி." யோவான் முதலாளி சாலையில் வந்து மறித்தார். ஓணத்துக்கு முன்னால் கேரளத்துக்குப் போகவேண்டிய சிலைகள் பாதியில் கிடக்கின்றன, எல்லாரையும் கொண்டுபோனால் பட்டறை என்னாவது என்று சத்தம் போட்டார்.

"நீரும் ரத்தம் குடுத்தேருல்லா? ஏறும் வேய்."

"எனக்கென்ன சீக்கு?"

"அது தெரியாமத்தானே போறோம்!"

இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று கத்தினார்கள். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. முதலாளி கடைசியில் ஏறிவிட்டார். வைக்கோலில் இல்லை, டிரைவர் பக்கத்து சீட்டில்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த ஓர் இளம் டாக்டர். வராந்தா நிறைய நின்று இருமுகிற கூட்டத்தைப் பார்த்து, யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். குமாரதாஸ் அவருடைய அறை வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இதுல ரெண்டுமூணு பேருக்கு உள்ள கிருமி கெடக்கு. யாருக்குண்ணு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. தெரிஞ்சவனுவ சொல்ல மாட்டானுவ. அதுனால எல்லாரும் வந்திருக்கோம். தூசிண்ணு மட்டும் சொல்லிராதேயும். தூசி எங்களுக்குத் தெரியும்."

அந்த டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது. எல்லாருடைய சளியையும் வாங்கி, கண்ணாடித் தகட்டில் பார்த்ததோடு விடாமல் கிருமி வளர்த்துப் பார்க்கிற இடத்துக்கும் அனுப்பினார். கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். அத்தனை வாரமும் குமாரதாஸ் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டே இருந்தார். லேப் ஜன்னலில் முகம் தெரிந்தாலே உள்ளே இருப்பவர்கள் "இன்னும் வரல்ல அண்ணாச்சி" என்று கத்துவார்களாம். "வரும்ணு மட்டும் சொல்லிராத" என்று இவர் பதிலுக்குக் கத்துவாராம்.

மூன்று பேருக்கு இருந்தது. ஒருவர் யோவான் முதலாளி.

அனுமதி வந்து ஆராய்ச்சிக்காரர்களும் டாக்டரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூவரில் இரண்டு பேர் அந்தச் சிவப்புப் புள்ளிகளில் இருந்தார்கள். மூன்றாமவர் பச்சையில் இருந்தார். சிவப்பில் இருந்த இன்னொருவருக்கு எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா பயந்தது பொய்யில்லை. இதைச் சொன்னபோது குமாரதாஸ் தோளைக் குலுக்கினார். "அது தப்பும். நானும் மூக்கைத் தப்பாக் கொத்தியிருக்கேன். தப்பிப் போச்சேண்ணு மண்ணைப் போட்டு மூட மாட்டேன்லா. நாலுபேருக்குக் காட்டிக் கேப்பேன்."

மூன்று பேரும் மாத்திரை தின்று எழுந்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கூடமும் தன் விதியைத் திருத்திக்கொண்டது. சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் ஊர் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மாதிரிகளை வருஷக்கணக்கில் சேர்த்துவைக்கக் கூடாது என்று. இதை ஒரு வெற்றியாக நான் சொல்லப்போய் ஏச்சு வாங்கினேன். "எங்க அண்ணன் செத்தப்பொறவு ஒரு விதி. நான் செத்தா இன்னொரு விதி போடுவானுவ. நல்ல ஏற்பாடு!"

யோவான் முதலாளியின் பட்டறையில் கல்லுக்குமேல் சொட்டுத் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். அவசரம் என்றால் அதை அடைத்துவிடுகிறார்கள். அடைத்த செய்தி எப்படியோ குமாரதாஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் உள்ளே வரும்போது, அவரை விடக்கூடாது என்று உத்தரவு போட்ட முதலாளி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்.

இந்த வருஷம் ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் தொடங்கியிருக்கிறது. மருந்து தின்றவர்களுக்கு அந்தக் கொழுப்பு எவ்வளவு குறைந்தது, தூசி மட்டும் இருப்பவர்களிடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆன்றோ படிப்பை முடித்துப் போய்விட்டார். புதிதாக சிஜோ என்று ஒருவர், நல்ல இஸ்திரி போட்ட சட்டையோடு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். குமாரதாஸ் விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சிஜோவும் அப்படித்தான் கேள்விப்பட்டு வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றார்.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிய? எடுக்கத்தானே வந்திய? எடும்."

ஈரக்கையைச் சாரத்தில் துடைத்து நீட்டினார். சிஜோ ரப்பரால் கட்டி, நரம்பைத் தேடி, ஊசி ஏற்றினார். குமாரதாஸ் கொட்டகையின் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் ஏறிய குழாயை மூடி, அதன் மேல் ஒரு கறுப்பு மார்க்கரால் சிஜோ நம்பர் எழுதினார்.

"ஐஸ்ல வச்சா அழியாதா?"

"அழியாது அண்ணாச்சி. இதுக்குண்ணே உள்ள மை."

"கழுவினா?"

"லேசுல போவாது."

"இப்பம் உம்ம கையை நீட்டும்."

சிஜோ புரியாமல் நீட்டினார். குமாரதாஸ் அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்காலின்மேல் மல்லாத்தி வைத்தார். சட்டைக் கையை முழங்கை முட்டிவரை மடித்துவிட்டார். மார்க்கரை வாங்கி, மணிக்கட்டிலிருந்து முட்டிவரை, கல்லறைக் கல்லுக்கு எழுதுகிற அதே பருத்த எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்துக் 'குமாரதாஸ், மயிலாடி' என்று எழுதினார். கீழே போன் நம்பர். பிறகு அந்தக் கையை விடாமல், குனிந்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, மை காயட்டும் என்று அதன்மேல் ஊதினார்.